பலகையைப் படிக்க மறுத்தவர்

போர்ட் பிளேரில் கப்பல் எப்போது வரும் என்று யாரைக் கேட்டாலும் பதில் கிடைக்கும். டீக்கடைக்காரர் ஒரு நேரம் சொல்வார், ஆட்டோக்காரர் இன்னொரு நேரம் சொல்வார், அறிவிப்புப் பலகை மூன்றாவதாக ஒன்றைச் சொல்லும். கப்பல் நான்காவது நேரத்தில் வரும். ஜங்லிகாட்டில் எங்கள் வீட்டிலிருந்து மூன்று வீடு தள்ளிக் குடியிருந்த அவர் ஒருவர்தான், "வந்த கப்பலப் பத்திக் கேளுங்க, சொல்றேன்" என்பார்.

மழை வருமா என்று கேட்டால் வானத்தைப் பார்க்க மாட்டார். உள்ளங்கையை நீட்டிப் பார்ப்பார். துளி விழுந்தால்தான் ஆமாம். அவர் மனைவி இருந்த காலத்தில், "குழம்புக்கு உப்பு போதுமா?" என்று உள்ளேயிருந்து கேட்பது எங்கள் வீடு வரை கேட்கும். "இன்னும் வாயில வைக்கல" என்று இவர் சொல்வதும் கேட்கும். நானெல்லாம் வாசனையை வைத்தே 'பிரமாதம்' சொல்லிவிட்டுப் பிறகு தண்ணீர் தேடுகிறவன். என் மண வாழ்க்கை நீடித்திருப்பது அதனால்தான் என்று நினைக்கிறேன். உறுதியாகத் தெரியாது. பாருங்கள், அவரோடு பழகிய தோஷம்.

துறைமுகக் கட்டுமான வேலைகளுக்கு வரைபடம் போடும் டிராஃப்ட்ஸ்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். பூர்வீகம் ராமநாதபுரம் பக்கம். ஊரே அவரை 'டிராயிங் சார்' என்றது. பெயரை நான் எழுதப் போவதில்லை. அவரைப் பற்றி நான் எழுதியவரைக்கும் போதும் என்பது இந்தக் கட்டுரையின் முடிவில் உங்களுக்கும் தோன்றும்.

ஓய்வுக்குப் பிறகு அவர் பார்த்த உத்தியோகம் ரொங்கோரொங்கோ. நான் முதலில் அதை வங்காளி இனிப்புப் பண்டம் என்றுதான் நினைத்தேன். பசிபிக் கடலின் நடுவில், எந்தக் கரைக்கும் எட்டாத தூரத்தில் ஈஸ்டர் தீவு என்று ஒன்று இருக்கிறது. அந்தத் தீவுக்காரர்கள் மரப்பலகைகளில் வரி வரியாகச் செதுக்கி வைத்த பழைய எழுத்துக்குத்தான் அந்தப் பெயர். மனித உருவங்கள், பறவைகள், மீன்கள், என்னவென்று சொல்ல முடியாத இன்னும் பல. ஒரு வரி முடிந்ததும் பலகையைத் தலைகீழாகத் திருப்பிப் பிடித்துக்கொண்டு அடுத்த வரியைத் தொடங்க வேண்டும். படிக்கத் தெரிந்தவர்களை அடிமை பிடிக்க வந்த கப்பல்கள் அள்ளிக்கொண்டு போய்விட்டன. தப்பியவர்களை அம்மை நோய் எடுத்துக்கொண்டது. பலகைகளில் சில அடுப்புக்குப் போயின, ஒன்று தூண்டில் கயிறு சுற்றும் கட்டையானது. இன்றைக்கு உலகம் முழுக்கத் தேடினாலும் மீதி இருப்பவை இருபத்துச் சொச்சம். அந்தத் தீவில் ஒன்றுகூட இல்லை. எல்லாம் தூர தேசத்து மியூசியங்களில். யாராலும் இன்றுவரை படிக்க முடியவில்லை.

டிராயிங் சார் அந்த மியூசியங்களுக்கெல்லாம் தட்டச்சு செய்த கடிதம் அனுப்பினார். பாதிப் பேர் புகைப்படம் அனுப்பி வைத்தார்கள். ஒரு கடிதத்துக்குப் பதில் வருவது என்ற அதிசயத்தை என் இருபது வருட அரசாங்க சேவையில் அப்போதுதான் நேரில் பார்த்தேன். அந்தப் படங்களை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு குறியையும் மெல்லிய பேனாவால் அச்சு அசலாக அட்டைகளில் வரைவார். புழு அரித்த இடமும் தீயில் கருகிய இடமும் வந்தால் அங்கே ஒரு கட்டம் போட்டுச் சாய்கோடுகளால் நிரப்பிவிடுவார். தெரியாத இடம் என்று அர்த்தம்.

ஒருநாள் எனக்கு உதவி செய்யும் வெறி வந்தது. ஒரே வரிசைக் குறிகள் மூன்று பலகைகளில் திரும்பத் திரும்ப வருவதைக் கண்டுபிடித்தேன். நாலாவது பலகையில் அதே வரிசை வந்து, நடுவில் ஒரு குறி மட்டும் கருகியிருந்தது. பென்சிலை எடுத்து அந்தக் கட்டத்துக்குள் பறவையை வரைந்துவிட்டேன்.

"என்னங்க இது?"

"சார், மூணு பலகையிலயும் அங்க பறவைதான்."

"உங்க தெருவுல மூணு வீட்டுல நாய் இருக்கு. நாலாவது உங்க வீடு. நாய் இருக்கா?"

ரப்பரை எடுத்து என் பறவையை அழித்தார். அழித்த தூளை ஊதிவிட்டுச் சாய்கோடுகளைத் திரும்பப் போட்டார்.

சுனாமிக்கு முந்தைய வருடம், எங்கள் தமிழ் மன்றத்தில் அவரைப் பேச வைத்தவன் நான்தான். மன்றச் செயலாளர் ஹார்டுவேர் கடை வைத்திருப்பவர். 'படிக்கப்படாத தொல் எழுத்து' என்று நான் நோட்டீஸ் போட்டதும் அவர் சிந்துவெளி என்று முடிவு செய்து மாலையும் சால்வையும் வாங்கி வைத்துவிட்டார். சார் ஒன்றரை மணி நேரம் ஈஸ்டர் தீவைப் பற்றிப் பேசினார். கூட்டம் பொறுமையாகக் கடைசிவரை இருந்தது. கடைசியில் வடை உண்டு.

செயலாளர் எழுந்தார். "ஐயா, சுத்தி வளைக்காமச் சொல்லுங்க. அது தமிழ்தானே?"

"தெரியாது."

"அப்ப தமிழ் இல்லேங்குறீங்க?"

"அந்த ஆளுங்க பேசுறது வேற பாஷை. பலகையில எழுதினது என்னன்னு தெரியாது."

"இதச் சொல்லவாய்யா ஒன்றரை மணி நேரம்?"

"தெரியலேன்னு ஒழுங்காச் சொல்ல அவ்வளவு நேரம் ஆவுதுங்க."

அன்றைக்கு அவர் சொன்ன ஒரு கதை மட்டும் எனக்கு மறக்கவில்லை. ஒரு பாதிரியார், அந்தத் தீவிலிருந்து வேலைக்கு வந்த ஒருவனைக் கூப்பிட்டுப் பலகையைக் கையில் கொடுத்துப் படி என்றாராம். அவனும் திருப்பித் திருப்பிப் பிடித்துப் பாட்டாகவே பாடினானாம். பாதிரியார் பூரித்துப்போய் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். பிறகு பார்த்தால், அவன் எழுத்தைப் படிக்கவில்லை. இது மனிதன், இது பறவை, இது மீன் என்று படத்தைப் பார்த்துச் சொல்லியிருக்கிறான்.

"அவன் மேல தப்புல்ல," என்றார் சார். "கேக்குறவருக்கு ஆசை. தெரியாதுன்னு சொல்ல இவனுக்கு மனசு வரல. நல்ல மனசு எழுத்தைக் கெடுத்துரும்."

சால்வையைச் செயலாளர் திரும்ப எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அவருக்கு ஒரே மகன். கார் நிக்கோபாரில் மின்சார லைன் பார்க்கும் வேலை. மருமகள் மலர், கச்சால் தீவு ரப்பர் தோட்டத்துப் பெண். அவளுடைய பெற்றோர் இலங்கை மலையகத்திலிருந்து வந்து அங்கே குடியேற்றப்பட்டவர்கள். பிரசவத்துக்காக அவள் போர்ட் பிளேருக்கு வந்திருந்தாள். பெண் குழந்தை பிறந்தது. குழந்தையைப் பார்க்க மகனுக்கு லீவு கிடைக்கவில்லை. கிறிஸ்துமஸ் சமயத்தில் கார் நிக்கோபாரில் விளக்கு அணைந்தால் ஊரே சண்டைக்கு வரும். கிறிஸ்துமஸ் முடிந்ததும் வருகிறேன் என்று போனில் சொன்னான். மறுநாள் காலையில் கடல் வந்தது.

கச்சாலில் மலரின் அப்பா, அம்மா, தம்பி மூவரும் போனார்கள். உடல்கள் கிடைத்தன. புதைத்தவர்கள் வந்து சொன்னார்கள். டிராயிங் சார் அந்த மூவருக்கும் முறைப்படி மொட்டை போட்டுக்கொண்டு காரியம் செய்தார். மகனுக்குச் செய்யவில்லை. அவனைப் பார்த்தவர் யாரும் இல்லை. இரண்டு மாதம் தினமும் துறைமுகத்துக்கும் முகாம்களுக்கும் நடந்தார். "பாத்தீங்களா?" என்று மட்டும் கேட்பார். "அந்தப் பக்கத்துல யாரும் தப்பிச்சிருக்க முடியாதுங்க" என்று யாராவது தொடங்கினால், "நீங்க பாத்தீங்களான்னு கேட்டேன்" என்பார்.

காணாமல் போனவர்களின் கோப்புகள் இருந்த மேசையில்தான் அப்போது நான் உட்கார்ந்திருந்தேன். இப்படிப்பட்டவர்களுக்கு ஏழு வருடம் காத்திருக்க வேண்டாம், விசாரித்துவிட்டு இறப்புச் சான்றிதழ் கொடுக்கலாம் என்று உத்தரவு வந்திருந்தது. பெயர்களை வெளியே ஒட்ட வேண்டும். 'ஆட்சேபணை உள்ளவர்கள் எழுத்து மூலம் தெரிவிக்கலாம்' என்று அடியில் ஒரு வரி. சும்மா சம்பிரதாயத்துக்கு. செத்தவர் செத்ததற்கு யார் ஆட்சேபிப்பார்கள்?

மலர் மனு கொடுத்திருந்தாள். சான்றிதழ் வந்தால், கணவன் வேலை பார்த்த இலாகாவில் கருணை அடிப்படையில் அவளுக்கு ஒரு வேலை கிடைக்கும். மாதக் கடைசிக்குள் அந்த வேலைக்கான பட்டியல் போய்விடும். பிறந்த வீடு கடலில். கையில் குழந்தை. அந்த வேலையைத் தவிர அவளுக்கு இந்தத் தீவுகளில் எதுவும் இல்லை.

மகன் பெயர் ஒட்டிய மூன்றாம் நாள், டிராயிங் சார் இஸ்திரி போட்ட சட்டையோடு என் மேசைக்கு வந்து ஒரு காகிதத்தை நீட்டினார்.

'அறிவிப்பில் கண்ட நபர் என் மகன். அவன் இறந்துவிட்டான் என்பதற்கு ஆதாரம் எதுவும் என் பார்வைக்கு வரவில்லை. உயிரோடு இருக்கிறான் என்பதற்கும் இல்லை. ஆகவே இறந்தவர் என்று குறிப்பிடுவதற்கு ஆட்சேபிக்கிறேன்.'

அவர் போனதும் நான் செய்திருக்க வேண்டியது, அதை மடித்து டிராயருக்குள் போட்டுவிட்டு டீ குடிக்கப் போவது. என் வாழ்நாளில் வந்த காகிதங்களில் பாதியை அப்படித்தான் அடக்கம் செய்திருக்கிறேன். ஆனால் நான் நகைச்சுவை எழுத்தாளன் ஆயிற்றே. மெயின்லாண்ட் பத்திரிகைகளில் துணுக்கு வந்தவன். இப்படி ஒரு காகிதம் கையில் கிடைத்தால் யாருக்காவது காட்டாமல் இருக்க முடியுமா? எடுத்துக்கொண்டு போய் ஹெட்கிளார்க் தாஸ் பாபுவிடம் காட்டினேன். படித்துச் சொன்னேன். சிரித்தேன்.

தாஸ் பாபு சிரிக்கவில்லை. "அரே, பாப் குத் ஆப்ஜெக்‌ஷன் தே ரஹா ஹை?" என்றார். அப்பாவே ஆட்சேபிக்கிறாரா என்ற ஆச்சரியம். அடுத்த கணம் முத்திரையைக் குத்தி, நம்பர் போட்டு, பதிவேட்டில் ஏற்றிவிட்டார். என் நகைச்சுவை யாரையும் சிரிக்க வைக்கவில்லை என்று பல ஆசிரியர்கள் எழுதியிருக்கிறார்கள். ஆனால் அது ஒரு குடும்பத்தையே கெடுக்கும் என்று ஒருவரும் எழுதியதில்லை.

காகிதம் அதிகாரிக்குப் போயிற்று. ஆட்சேபணை இல்லாத கோப்புகளில் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட்டவர் இதில் கண்ணைத் திறந்தார். 'ஆட்சேபணையை வாபஸ் வாங்கினால் மட்டும் போதாது. நேரில் கண்டவர், அல்லது கண்டவரிடம் கேட்டவர், வாக்குமூலம் தர வேண்டும்' என்று குறிப்பு எழுதினார்.

அந்தக் குறிப்பை எடுத்துக்கொண்டு நான் டிராயிங் சார் வீட்டுக்குப் போனேன். மலர் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தாள். விஷயத்தைச் சொன்னேன்.

"மாமா," என்றாள், "அவரு இல்லன்னு எனக்குத் தெரியும். உங்களுக்குத் தெரிய வேணாம். நீங்க சும்மா இருந்திருக்கலாம் தானே?"

"கேட்டுருக்காங்கல்லம்மா, ஆட்சேபணை உண்டான்னு. சும்மா இருந்தா ஒத்துக்கிட்டதா ஆயிரும்."

"எங்க அம்மாவுக்கு ஒத்துக்கிட்டீங்க."

"அவங்கள எடுத்தவங்க பாத்தாங்க."

"அப்ப நான் என்னா செய்ய? அவரு கரையில வந்து ஒதுங்கட்டும், அதுக்கப்புறம் வேலைக்குப் போறேன்னு இருக்கவா? ஏலாது மாமா. எனக்குப் பால் வத்திப்போச்சு. இந்தப் புள்ளைக்கு டின் பால் வாங்க உங்க பென்ஷன் தேதியைப் பாத்துக்கிட்டு இருக்கேன்."

நான் புகுந்தேன். நான் புகாத இடம் ஏது?

"சார், பலகையைப் படிக்காம விட்டா யாருக்கும் ஒண்ணும் ஆகாது. அது இன்னும் நூறு வருஷம் கண்ணாடிப் பெட்டியில இருக்கும். இது இந்த மாசக் கடைசி."

அவர் வெகுநேரம் குழந்தையையே பார்த்துக்கொண்டிருந்தார். என்ன நினைத்தார் என்று எனக்குத் தெரியாது.

சனிக்கிழமை சாயங்காலம் சுருட்டிய டிராயிங் பேப்பரோடு என் வீட்டுக்கு வந்தார். விரித்தார். கார் நிக்கோபாரில் மகன் இருந்த குவார்ட்டர்ஸ், பாதை, ஜெனரேட்டர் ஷெட், சிமெண்ட் தண்ணீர்த் தொட்டி, தென்னைகள். அளவு, திசை எல்லாம் கச்சிதம். ஒருமுறை அங்கே போய்ப் பத்து நாள் தங்கியிருக்கிறார். மகன் என்று ஒரு புள்ளி ஷெட்டுக்கு வெளியே. அலை வந்த பக்கத்துக்கு ஓர் அம்புக்குறி.

"ஒரு ஆள் வேணும்," என்றார்.

"எந்த ஆள்?"

"பாத்த ஆள். தண்ணித் தொட்டி மேல ஏறித் தப்பிச்சவன். ரெண்டாவது நாள் ஹாடோ துறைமுகத்துல கப்பல்ல வந்து இறங்கி எங்கிட்டச் சொன்னவன்." பேனாவின் மூடியைக் கழற்றினார். "நீங்க கதை எழுதுறவரு. சட்டை என்ன கலர் போடலாம்?"

"நீலம்," என்றேன்.

"கோடு போட்டதா, வெறுசா?"

"கோடு."

"பேரு?"

"பேரு வேண்டாம் சார். பேரு எழுதினா கூப்பிட்டு விசாரிப்பாங்க. அவசரத்துல கேட்டுக்கலன்னு எழுதுங்க."

தொட்டியின் மேல் இன்னொரு புள்ளி வைத்தார். அந்தப் படத்தில் வீடு, பாதை, தொட்டி, மரம் எல்லாம் உண்மை. ஓர் ஆள் மட்டும் பொய்.

எங்கள் மேசைக்கு வந்த வாக்குமூலங்களிலேயே இதுதான் தெளிவானது என்று அதிகாரி பாராட்டினார். சான்றிதழ் வந்தது. மலருக்கு வேலையும் கிடைத்தது. இதை ஒரு சந்தோஷமான முடிவாக நான் அந்த வருடம் பல பேரிடம் சொல்லியிருக்கிறேன்.

சான்றிதழோடு வாக்குமூலத்தின் நகலும் அதோடு இணைத்த வரைபடமும் மலர் கைக்குப் போகும் என்று எங்கள் இரண்டு பேருக்கும் தோன்றவில்லை. அவள் அதை நம்பினாள். வலிக்கும் என்றுதான் மாமா இத்தனை நாள் மறைத்து, ஆட்சேபணை அது இது என்று இழுத்திருக்கிறார் என்று அவளே ஒரு காரணமும் கண்டுபிடித்துக்கொண்டாள். அவர் காலைப் பிடித்துக்கொண்டு அழுதாள். பிறகு கேட்க ஆரம்பித்தாள்.

ஒருநாள் நான் அங்கே இருந்தபோதே கேட்டாள். "அவரு ஏதாவது கத்திச் சொன்னாராமா? அந்த ஆளு அதச் சொல்லலியா மாமா?"

சார் என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன்.

"பாப்பான்னு கத்தினானாம்," என்றார்.

மழை வருமா என்பதற்குக் கை நீட்டிப் பார்த்த மனிதர். அன்றிலிருந்து அவள் தினம் ஒன்று கேட்டாள், அவர் தினம் ஒன்று சொன்னார். மகன் செருப்புப் போட்டிருந்தான். ஒரு கையில் டார்ச் இருந்தது. இன்னொருவரைத் தூக்கிவிடப் பார்த்தான். கேட்கக் கேட்க அந்தக் காலை நேரம் வளர்ந்துகொண்டே போயிற்று.

சில மாதங்கள் கழித்து அவருடைய அட்டைகளைப் பார்த்தேன். ஒரு கட்டத்திலும் சாய்கோடு இல்லை. கருகிய இடங்கள், புழு அரித்த இடங்கள் எல்லாவற்றிலும் பறவைகளும் மனிதர்களும் மீன்களும் நின்றார்கள். எது பலகையில் இருந்தது, எது அவர் வைத்தது என்று பிரிக்க முடியாதபடி அதே மெல்லிய பேனா, அதே அழகு. ஓய்வு பெற்ற நாளிலிருந்து பார்த்த உழைப்பு. இனி ஒரு மனிதருக்கும் பயன்படாது.

"என்ன சார் இப்படிப் பண்ணிட்டீங்க?"

"ஒண்ணு வச்சாச்சு," என்றார். "இனிமே எதுக்கு விட்டு வைக்கணும்?"

அதற்கு அடுத்த வருடம் பக்கவாதம் வந்து, பேச்சு போய், நாற்பது நாள் கிடந்து இறந்தார். மகனுக்குச் செய்ய வேண்டியதைக் கடைசி வரை அவர் செய்யவில்லை. மலர் வற்புறுத்தியும் செய்யவில்லை. அதில் மட்டும் ஏதோ ஒரு கட்டத்தைக் காலியாக வைத்திருந்தார் என்று எனக்குத் தோன்றுகிறது. தோன்றுகிறது, அவ்வளவுதான்.

ஆறேழு வருடங்களுக்குப் பிறகு, ஊரிலிருந்து வரும் மைத்துனரை அழைத்து வர ஹாடோவுக்குப் போயிருந்தேன். அந்தப் பக்கம் நிக்கோபார் கப்பல் ஆட்களை இறக்கிக்கொண்டிருந்தது. வேலிக் கம்பிக்குப் பக்கத்தில் மலர் நின்றிருந்தாள். கையில் பிளாஸ்டிக் உறை போட்ட அந்த வரைபடம்.

"நீ எங்கம்மா இங்க?"

"நிக்கோபார் கப்பல் வர்ற நாளெல்லாம் வருவேன் சார். லீவு போட்டுட்டு." வரைபடத்தில் தண்ணீர்த் தொட்டியின் மேல் இருந்த புள்ளியைத் தொட்டுக் காட்டினாள். "இந்த ஆள ஒரு தடவ பாக்கணும். அவரக் கடைசியாப் பாத்த கண்ணு சார் அது. மாமா பேரு எழுதாம விட்டுட்டாங்க. பேரு இல்லாம எப்படித் தேட? நீங்கதான் கூட இருந்து எழுதினீங்களாமே. உங்ககிட்டயாவது பேரு சொன்னாங்களா?"

இதற்கு ஒரே ஒரு பதில்தான் உண்டு. அதைச் சொல்ல நான் வாயைத் திறக்கவும் செய்தேன். வேலிக்கு அந்தப் பக்கம் ஆட்கள் இறங்கிக்கொண்டே இருந்தார்கள். அவள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ராஜுன்னு ஞாபகம்," என்றேன்.

மைத்துனர் கப்பல் இன்னும் வரவில்லை. அங்கிருந்து போய்விட எனக்குக் காரணமும் கிடைக்கவில்லை. அவள் பேனாவை எடுத்து உறையின் மேலேயே அந்தப் பெயரை எழுதிக்கொண்டாள். இறங்கி வருகிறவர்களை மறித்துக் கேட்க ஆரம்பித்தாள். "ராஜு பாயைத் தெரியுமா? சுனாமி அன்னிக்குத் தண்ணித் தொட்டி மேல ஏறித் தப்பிச்சவரு? நீலக் கோடு சட்டை?" இரண்டு பேர் தலையசைத்து மறுத்துவிட்டுப் போனார்கள். மூன்றாமவர் வயதானவர், தோளில் மூட்டை. அவளையும் அவள் கையிலிருந்த படத்தையும் மாறி மாறிப் பார்த்தார். மூட்டையைக் கீழே வைத்தார்.

"ராஜுவா? ஹாங், மாலூம் ஹை. தெரியுமே," என்றார். "அவன் இப்ப கேம்ப்பல் பேயில இருக்கான்."

மலர் ஓடி வந்தாள். அவள் சிரித்து நான் பார்த்துப் பல வருடமாகியிருந்தது. "சார், ஆளு இருக்காரு சார்! பாப்பாவையும் கூட்டிக்கிட்டுப் போறேன். அவ அப்பாவப் பாத்தவர அவளும் பாக்கட்டும்."

நிக்கோபாரின் தெற்குக் கோடியில் இருக்கும் கேம்ப்பல் பேக்கு டிக்கெட் கொடுக்கும் ஜன்னலில் வரிசை வெயிலில் நீண்டு கிடந்தது. அவள் போய் அதன் கடைசியில் நின்றுகொண்டாள்.